விற்ற காருக்கு ஏது கயிறு

தம்பி, பெட்டி உங்கள் முழங்காலில் இடிக்கிறதா? இடித்தால் சொல்லிவிடுங்கள், இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். மேலே வைக்கலாம்தான். ஆனால் இந்த டிரைவர் பிரேக் போடுகிற அழகைப் பார்த்தால், சூலூர் போவதற்குள் இது யார் தலையிலாவது இறங்கிவிடும். தலையாவது ஆறிவிடும். இது உடைந்தால் மறுபடி கிடைக்காது.

கண்டக்டர்கூடக் கேட்டார். "என்னுங்க பெரியவரே, கோயில் உண்டியலாட்டம் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க?" சப்வூஃபர் என்றேன். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இளவயசு. காரில் பாட்டுப் போட்டால் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்து நெஞ்சில் இடிக்குமே, அந்தச் சத்தத்துக்கென்றே தனியாக வைக்கிற ஸ்பீக்கர். இது கடையில் வாங்கிப் பின்னால் மாட்டுகிற ரகம் இல்லை. கார் செய்த கம்பெனியே, செய்யும்போதே, டிக்கியின் இடது பக்கச் சுவருக்குள் வைத்து மூடி அனுப்பிய ரகம். பதினாறு வருஷத்துக் கார். அந்த மாடலே இப்போது வருவதில்லை. கோயமுத்தூரில் பழைய கார்களைப் பிரித்து விற்கிற கடைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே நான் ஏறாத கடை இல்லை. இன்றைக்குத்தான் கிடைத்தது.

கார் வைத்திருப்பவன் எதற்கு பஸ்ஸில் வருகிறான் என்கிறீர்களா? நியாயமான கேள்வி. டிக்கியைப் பிரித்துப் போட்டிருக்கிறது. இதை மாட்டிய பிறகுதான் மூட வேண்டும் என்று ஒரு வைராக்கியம்.

நீங்கள் எதுவரைக்கும்? காங்கேயமா? அப்படியா. நான் வெள்ளகோவில். காங்கேயம் தாண்டித்தான். ஒன்றுமில்லை, அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே எனக்கு ஆகாது. என்னை ஏமாற்றியவர் அங்கேதான் இருக்கிறார். அந்நியன் ஏமாற்றினால் அது தலைவிதி. இவர் என் சொந்தத் தங்கையைக் கட்டியவர். என் கூடப் பிறந்தவளின் புருஷன். எனக்கு மாப்பிள்ளை முறை. பெயர் நல்லசிவம். பெயரில்தான் எல்லாம்.

சொல்கிறேன், கேளுங்கள். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் வெள்ளகோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர். முதலாளி திருப்பூரில் இருக்கிறார். முழுப் பொறுப்பும் என்னுடையது. கல்யாண வீட்டார் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும்போது நான் பாத்திர அறையில் நிற்பேன். ஒரு குழிக்கரண்டி குறைந்தாலும் எனக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவர் அழுதுகொண்டிருப்பார். பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் கரண்டியைக் கேட்டு வாங்கிவிடுவேன். அழுகை வேறு, கரண்டி வேறு.

போன மாசி மாதம். என் வீட்டுக்காரி கனகமணிக்கு முழங்கால் தேய்மானம். பஸ் படி ஏற முடியவில்லை. இது எப்படியோ என் தங்கை வசந்தாமணி காதுக்குப் போயிருக்கிறது. ஒரு நாள் நாங்கள் அவர்கள் தோட்டத்துக்குப் போயிருந்தபோது நல்லசிவம் ஒரு கார்ச் சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். அவர் அப்போதுதான் புதுக் கார் எடுத்திருந்தார். பழைய கார் சும்மா நின்றது.

"மச்சான், இதைப் புடிங்க. அக்காவுக்குப் பஸ் ஏற முடியறதில்லைன்னு வசந்தா சொல்லுச்சு. வண்டி சும்மாதான் நிக்குது, ஓட்டிட்டுப் போங்க."

"எவ்வளவு?" என்றேன்.

"என்னது எவ்வளவு?"

"விலைதான்."

"நமக்குள்ள என்னுங் மச்சான் விலை?"

இங்கேதான் தம்பி என்னை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் மிஞ்சிய ஜாங்கிரியைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். நான் தொட்டதில்லை. இனாமாக ஒன்றை வாங்கினால், பின்னால் ஒரு நாள் ஒரு சொல் வரும். "நான் குடுத்த காருதானே" என்று ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சுக்கு நான் இடம் வைப்பதில்லை. அதனால் சொன்னேன், விலை சொன்னால் எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் வேண்டாம்.

வசந்தாமணி உள்ளேயிருந்து வந்தாள். "ஏண்ணா, அவரு ஆசையாக் குடுக்கறாரு. எதுக்கு விலையும் கிலையும்?"

"நீ சும்மா இரு. வியாபாரம் வேறு, உறவு வேறு" என்றேன்.

நல்லசிவத்தின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. வெயில் என்று நினைத்தேன். அப்புறம் சிரித்தார். "சரிங் மச்சான். வியாபாரம்னா வியாபாரம். துண்டப் போட்டு வெரல்ல பேசிக்கலாமா?"

மாட்டுச் சந்தையில் அப்படித்தான் பேசுவார்கள், பார்த்திருப்பீர்கள். விற்கிறவனும் வாங்குகிறவனும் கையைத் துண்டுக்குள் விட்டு, விரலைத் தொட்டே விலையை முடிப்பார்கள். நல்லசிவம் மாட்டுக்காரர். மயிலையும் செவலையுமாக எந்நேரமும் கட்டுத்தறி நிறைய மாடு நிற்கும். எதைப் பேசினாலும் சந்தையில் கொண்டுபோய் நிறுத்துவார். நான் வாயாலேயே பேசலாம் என்றேன்.

அவர் ஒரு விலை சொன்னார். குறைவுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் அதிலும் கொஞ்சம் குறைத்தேன். ஏன் குறைத்தேன் என்று கேட்பீர்கள். விலை என்று வந்த பிறகு பேரம் பேசாமல் கொடுத்தால் அவர் எனக்கு இரக்கம் காட்டியதாக ஆகிவிடும். முறை என்று ஒன்று இருக்கிறது. பத்திரமும் எழுதி வாங்கினேன். இன்று முதல் மேற்படி வாகனத்தில் மேற்படியாருக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை என்று. நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். அழகான கையெழுத்து.

"நாளைக்குக் காலைல வந்து ஓட்டிக்குங்க மச்சான்" என்றார்.

மறுநாள் போனேன். காரைக் கழுவி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்திருந்தார்கள். நானும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நம்பித்தான் வந்தேன். தங்கை வீட்டிலிருந்து வருகிற சாமானை எவனாவது தட்டிப் பார்த்து வாங்குவானா? வேறு எவரிடம் வாங்கியிருந்தாலும் டிக்கியில் தலையை விட்டுப் பார்த்திருப்பேன். அங்கேதான் ஏமாந்தேன்.

சூலூரா இது? பார்த்தீர்களா பிரேக்கை? நான் சொன்னேன் அல்லவா.

பத்துப் பதினைந்து நாள் ஓடியிருக்கும். காரில் நாதஸ்வரம் போட்டுக் கேட்பது எனக்குப் பழக்கம். மண்டபத்தில் தினம் கேட்கிறது போதாதா என்று கனகமணி திட்டுவாள். மண்டபத்தில் கேட்பது வேலை, காரில் கேட்பது சங்கீதம். ஆனால் கேட்கும்போதெல்லாம் ஏதோ குறைந்தது. தவிலுக்கு இரண்டு பக்கம். வலது பக்கம் விரலில் கூடு மாட்டி வாசிப்பார்கள், கணீரென்று பேசும். இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர், குச்சியால் அடிப்பார்கள், அது உறுமும். என் காரில் கணீர் மட்டும் கேட்கிறது. உறுமலே இல்லை. ஒரு கை விளங்காத வித்வான் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. இதே காரில் இதே பாட்டை முன்னே கேட்டிருக்கிறேன், அப்போது இப்படி இல்லை. தங்கை மகள் தாரணி சின்னப் பெண்ணாக இருந்தபோது டிக்கியில் ஏறி உட்கார்ந்து, அந்தப் பக்கச் சுவரில் கையை வைத்துக்கொண்டு, "மாமா, இங்க வந்து தொட்டுப் பாரு, வண்டிக்கு நெஞ்சு அடிக்குது" என்பாள். அந்த நெஞ்சுதான் இல்லை.

எங்கள் மண்டபத்துக்கு மைக்செட் போடுகிற உபயதுல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். டிக்கியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினான். உள்ளே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, வீடு இருக்குது. குடியிருந்தவரு காலி பண்ணிட்டாரு."

வட்டமாக ஒரு பள்ளம். ஒன்றுமில்லை. ஒயர் மட்டும் தொங்குகிறது. அதன் பிளக்கில் தண்ணீர் படாமல் பாலித்தீன் உறை போட்டு, மேலே டேப் சுற்றி, ஓரமாக வளைத்துக் கட்டியிருக்கிறது. பிடித்திருந்த திருகாணிகளைக்கூட ஒரு சின்னப் பையில் போட்டு அங்கேயே முடிந்து வைத்திருக்கிறது.

"திருட்டுப் பய செஞ்ச வேலை இல்லண்ணே இது. மறுபடி ஒருத்தன் மாட்டுவான்னு தெரிஞ்சு கழட்டியிருக்காங்க" என்றான் உபயதுல்லா.

நான் முதலில் மண்டபத்து வாட்ச்மேனைத்தான் கேட்டேன். பிறகு கார் கழுவுகிறவனை. இரண்டு பேரும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். செய்யாதவனுக்கு எதற்குக் கோபம் வருகிறது, சொல்லுங்கள்! கடைசியில் வசந்தாமணிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "ஒரு எட்டு வந்துட்டுப் போண்ணா" என்றாள்.

போனேன். சித்திரை வெயில். நல்லசிவம் கட்டுத்தறியில் மாடுகளுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். "வாங்க மச்சான், மோர் குடிக்கறீங்களா?" என்றார். ஒரு குற்றவாளி பேசுகிற பேச்சா இது?  அதற்குள் அது என் கண்ணில் பட்டுவிட்டது.

கட்டுத்தறியின் கூரைக்கு அடியில் ஒரு நீள மூங்கில். அதில் வரிசையாகப் பழைய கயிறுகள் தொங்கின. மாட்டுக் கயிறுகள். கயிறுகளின் கடைசியில், கறுப்பாக, வட்டமாக, என் சப்வூஃபர். நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். தம்பி, களவு சாமானுக்குப் பொட்டு வைத்து மாட்டியிருக்கிற வீட்டை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

"என்ன மாப்பிள்ளை இது?" என்றேன்.

அவர் ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. ஒவ்வொரு கயிறாகத் தொட்டுக் காட்டினார். "இது பெரிய மயிலையோடதுங்க. இது கொம்பு ஒடிஞ்ச மூளியோடது. இது அந்த முட்டுற செவலையோடது. இது நம்ம வண்டியோடது."

"கார் என்ன மாடா?"

"வித்த மாட்டுக்குக் கயிறு குடுப்பாங்களா மச்சான்? வண்டிய வித்தேன். கயிறுன்னு எதப் புடிச்சுக்கறதுன்னு மெக்கானிக்கக் கேட்டேன். எதக் கழட்டுனாலும் வண்டி நின்னு போகும், இது ஒண்ணுதான் இல்லீன்னாலும் ஓடும்னு சொன்னாப்ல. அக்காவ வெச்சு ஓட்டற வண்டி, நடுவழில நிக்கக் கூடாது பாருங்க."

உங்களுக்கு இந்த வழக்கம் தெரியுமா? எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு மாட்டைத்தான் கொடுப்பார்கள். வாங்குகிறவன் புதுக் கயிறு கொண்டுவந்து பிடித்துப் போக வேண்டும். கயிற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் கட்டுத்தறி வெறிச்சோடிவிடும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கும் தெரியும். நானும் மாடு மேய்த்த வீட்டில் பிறந்தவன்தான்.

ஆனால் அதில் இன்னொன்று இருக்கிறது. அதுதான் என் நெஞ்சில் தைத்தது. பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கிற மாட்டுக்குக் கயிற்றை அவிழ்க்க மாட்டார்கள். வசந்தாமணியைக் கட்டிக்கொடுத்தபோது எங்கள் அப்பா ஒரு மயிலைக் கிடாரி கொடுத்தார். கயிற்றோடு. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வாசல்வரை நடந்தவன் நான். நம் வீட்டு மாடு நம் வீட்டுக்கே போகிறது, அப்புறம் கயிற்றை எதற்கு அவிழ்க்க வேண்டும்? அந்நியனுக்குத்தான் அவிழ்ப்பார்கள்.

நான் அந்நியனா, தம்பி? அதுதான் என் கேள்வி. ஒரு ஸ்பீக்கர் போனது பெரிதில்லை. என்னை அவர் சந்தையில் வந்த ஆள் மாதிரி நினைத்துவிட்டார். கட்டியவளின் கூடப் பிறந்தவன் என்ற எண்ணம் இருந்திருந்தால் அந்தக் கை அதைக் கழற்றியிருக்குமா?

என்ன சொல்கிறீர்கள்? நான்தான் வியாபாரம் என்று சொன்னேனா? ஆமாம், சொன்னேன். வியாபாரம் வேறு, உறவு வேறு என்றுதானே சொன்னேன். உறவே வேண்டாம் என்றா சொன்னேன்? நீங்கள் சின்னப் பிள்ளை. இந்த வித்தியாசம் போகப்போகத் தெரியும்.

இன்னும் கேளுங்கள். நான் விடவில்லை. "அதை இப்போதே கழற்றிக் கொடுங்கள்" என்றேன். நல்லசிவம் யோசித்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மூங்கிலிலிருந்து அதை எடுத்தார். எடுத்து என்ன சொன்னார் தெரியுமா?

"தர்றனுங் மச்சான், சந்தோசமாத் தர்றேன். ஆனா நீங்க குடுத்த பணத்தத் திருப்பி வாங்கிக்கோணும். அந்தப் பத்திரத்தையும் கிழிச்சுப் போட்டுருவோம். அப்பக் கயிறோடயே குடுக்கறேன்."

பார்த்தீர்களா சாமர்த்தியத்தை? பேசி முடித்த வியாபாரத்தை முறிக்கிறார்! எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு! காரை எனக்குக் கொடுத்ததில் ஆரம்பத்திலிருந்தே அவருக்கு மனசில்லை. அது அப்போதுதான் எனக்கு வெட்ட வெளிச்சமாயிற்று. கொண்டுவந்த மோரைக் குடிக்காமல் திரும்பி நடந்தேன். வசந்தாமணி வாசல்வரை ஓடி வந்தாள். "அண்ணா, அவரு என்ன சொல்றாருன்னு கொஞ்சம் நின்னு கேளு. உன்னய வெளியாளுன்னு நெனைக்கல அவரு, நீதான்…" அப்புறம் என்னவோ சொன்னாள். நான் காரைக் கிளப்பிவிட்டேன்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அவர் கயிறும் வேண்டாம், அவர் உறவும் வேண்டாம். அதே சப்வூஃபரை, அதே கம்பெனிச் சாமானை, நானே தேடிக் கண்டுபிடித்து மாட்டுவேன். இவரிடம் கையேந்தி நிற்க மாட்டேன்.

பல்லடம் வந்துவிட்டது. டீ குடிக்கிறீர்களா? வேண்டாமா? எனக்கும் வேண்டாம். எழுந்தால் பெட்டியை வைக்க இடமில்லை.

தேடுவது சுலபம் என்று நினைத்தேன். உபயதுல்லா முதலிலேயே சொன்னான். "அண்ணே, புதுசு ஒண்ணு வாங்கி சீட்டுக்கு அடியில வெச்சரலாம். இதவிட அருமையா இடிக்கும்." எனக்கு அது வேண்டாம். அந்தப் பள்ளத்தில்தான் உட்கார வேண்டும். அந்தப் பிளக்தான் சேர வேண்டும். ஒரு கடையில் சரியான அளவென்று கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து வைத்தால் தகடு மூடவில்லை. இன்னொரு கடையில் வடிவம் சரி, ஆனால் உள்ளே இருக்கும் மின்தடை, ஓம் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள், அது வேறு. அதை மாட்டினால் காரில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் சூடேறிப் புகைந்துவிடும் என்றான் உபயதுல்லா. இன்னொன்று பார்க்க லட்சணமாக இருந்தது. பின்பக்கம் தொட்டுப் பார்த்தால் எலி கடித்த காகிதம்.

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, மண்டபம் பூட்டிக் கிடக்கும். அந்த மாதம் முழுக்க இதற்காகவே கோயமுத்தூர் பஸ்ஸில் போய்ப் போய் வந்தேன். கனகமணியின் முழங்காலா? அவள் இப்போதும் ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரி போகிறாள். டிக்கியைப் பிரித்துப் போட்ட வண்டியில் எப்படிப் போவது? மழை பெய்தால் உள்ளே தெறிக்காதா? அவளும் கேட்டாள். "சத்தம் இல்லீன்னா வண்டி ஓடாதாங்க?" என்று. பெண்பிள்ளைகளுக்கு மானப் பிரச்சினை புரிவதில்லை.

இன்றைக்கு ஒரு கடைக்காரர் போன் செய்தார், அதே மாடல் வண்டி ஒன்று பிரிப்பதற்கு வந்திருக்கிறது என்று. முன்பக்கம் நசுங்கியிருந்தது, பின்பக்கம் கன்னி கழியாமல் இருந்தது. என் கண் முன்னாலேயே கழற்றச் சொன்னேன். ஒரு சின்னச் சதுர பேட்டரியின் இரண்டு முனைகளையும் இதன் பின்னால் தொட்டுக் காட்டினார். உள்ளே இருக்கும் கூம்பு 'டுப்' என்று ஒரு முறை எழும்பி அடங்கியது. உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கேட்ட விலையைக் கொடுத்தேன். பேரமா? பேசவில்லை. ஏனோ பேசத் தோன்றவில்லை.

நல்லசிவம் அந்தக் கார் முழுவதற்கும் விட்டுக்கொடுத்த தொகையைவிட இதற்கு அலைந்த செலவு அதிகம் என்று உபயதுல்லா கணக்குப் போட்டுச் சொன்னான். அவனுக்கு வேறு வேலை இல்லை.

ஏன் இன்றைக்கே அவசரமாகப் போய் வாங்கினேன் என்று கேளுங்கள். கேட்க மாட்டீர்களா? நானே சொல்கிறேன். நாளைக்குக் காலையில் தாரணிக்குக் கல்யாணம். ஆமாம், அதே தாரணிதான். காங்கேயத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மண்டபத்தில். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை.

எங்கள் கல்யாணத்தில் தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் அசையாது. பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். அதை வேறொருவர் செய்ய முடியாது. செய்யலாம், பங்காளி யாரையாவது நிறுத்திக் கட்டச் சொல்லலாம், ஆனால் சபையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஏன் இவன் கட்டுகிறான், அவன் எங்கே என்று பேச்சு வரும்.

போன வாரம் வசந்தாமணி பத்திரிகை வைக்க வந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், எல்லாம் முறையாக. நல்லசிவமும் வந்திருந்தார். அவர் வாசலிலேயே நின்றார். நான் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அவரும் வரவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார், அது மட்டும் தெரியும்.

"அண்ணா, நீ வராட்டிப் பட்டம் யாரு கட்டறது?" என்றாள்.

"உன் வீட்டுக்காரர் கட்டுத்தறியில் ஒன்று பொட்டோடு தொங்குகிறதே, அதைக் கட்டச் சொல்லு" என்றேன்.

நல்ல பதில்தானே? எனக்கே அது எப்படி வாயில் வந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. கனகமணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வசந்தாமணி தாம்பாளத்தை மேசைமேல் வைத்தாள். அவள் அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை.

"தாரணி ஒண்ணு சொல்லச் சொன்னாண்ணா. பட்டம் மாமாதான் கட்டோணுமாம். வராட்டி வெறும் நெத்தியோட உக்காந்துக்கறேன், வேற யாரையும் தொட விட மாட்டேங்கறா."

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டார்கள்.

பிடிவாதத்தைப் பாருங்கள். எல்லாம் அப்பன் புத்தி. சபை நடுவில் வெறும் நெற்றியோடு உட்காருவாளாம். என்னைத் தலைகுனிய வைக்கத்தானே இதெல்லாம்? பெண்ணைத் தூண்டிவிட்டு என்னை வரவழைக்கப் பார்க்கிறார்கள். நல்லசிவம் நேராக வந்து, "மச்சான், நான் செஞ்சது தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் முந்திக்கொண்டு போய் நின்றிருப்பேன். வாசலில் நின்றவர் வாயைத் திறக்கவில்லையே! நான் உள்ளே கூப்பிடவில்லை, அது வேறு விஷயம்.

அதனால்தான் இன்றைக்கே வாங்கினேன். நாளைக்கு அங்கே முகூர்த்தம் நடக்கிற நேரத்தில் இங்கே என் காரில் தவில் உறும வேண்டும். அவருடைய கயிறு இல்லாமலே என் வண்டி முழுசாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தால் போதும். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்.

இல்லை, நாளைக்குப் போக முடியாது தம்பி. எங்கள் மண்டபத்திலும் நாளைக்குக் கல்யாணம். பொறுப்பை விட்டுவிட்டு எப்படிப் போவது? இன்றைக்குக் கோயமுத்தூர் போனேனே என்கிறீர்களா? இன்றைக்கு வேறு. இன்றைக்கு சமையல்காரர்கள் வருகிற நாள்தானே. முதலாளியின் தம்பியை உட்கார வைத்துவிட்டு வந்தேன். நாளைக்கும் அவர் இருப்பார்தான். இருந்தாலும் பாத்திரம் எண்ண எனக்குத்தான் தெரியும்.

அதோ, காங்கேயம் வந்துவிட்டது. பேச்சில் நேரம் போனதே தெரியவில்லை. நீங்கள் பையை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் உள்ளே போய் நின்று திரும்பும், பதற வேண்டாம்.

அந்த மண்டப வாசலில் எவ்வளவு பெரிய பேனர், பாருங்கள். முகூர்த்த நாள் என்றால் போதும், காங்கேயத்தில் வானம் தெரியாது. தாரணிதான் அது. பக்கத்தில் நிற்பவன் மாப்பிள்ளையாக இருக்கும். பையன் லட்சணமாக இருக்கிறான். இந்தப் பக்கம் ஒரு ஆள், கழுத்தில் மாலை… அது நான் இல்லை? தம்பி, நீங்களே பாருங்கள், அது நான்தானே? அந்தச் சட்டை என்னுடையது. நல்லசிவத்தின் படம் கீழே ஓரத்தில் சின்னதாக இருக்கிறது. என்னை மேலே போட்டிருக்கிறார்கள், பெண்ணுக்குப் பக்கத்தில். எங்கே எடுத்த படம் என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் இறங்குவதா? நான் எதற்கு இறங்க வேண்டும்? வெள்ளகோவிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். காசு கொடுத்த தூரத்துக்கு நடுவில் இறங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. நீங்கள் இறங்குங்கள். பார்த்து, படி உயரம்.

தம்பி! ஒரு நிமிஷம். இப்படி ஜன்னல் பக்கம் வாருங்கள். மடியில் இது இருப்பதால் எனக்கு எட்டிப் பார்க்க முடியவில்லை, கண்ணாடியும் பைக்குள் இருக்கிறது. அந்தப் பேனரில் என் படத்துக்குக் கீழே ஏதோ எழுதியிருக்கிறது. அதைப் படித்துச் சொல்லிவிட்டுப் போங்கள். வெறும் பெயர்தானா, வேறு ஏதாவது போட்டிருக்கிறதா என்று மட்டும். டிரைவர் ஏறிவிட்டார், சீக்கிரம்.

என்ன? சத்தமாகச் சொல்லுங்கள், இஞ்சின் இரைகிறது.

தாய்மாமன் என்றா? என் பெயருக்கு முன்னாலேயா?

ம்.

என்னை ஒரு வார்த்தை கேட்டாரா, பாருங்கள்.